நோயறிதலும் காலமறிதலும்: வெறியாட்டு முதல் இருமுனைப் பிறழ்வு வரை

தோற்றுவாய்

அசோகத் தூண் நிற்கும் நம் பகுதிக்கு மருத்துவத்தோடு ஒரு பழந்தொடர்பு உண்டு எனலாம். அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்க வழிசெய்ததைக் கூறுகிறது. மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நட்டதையும் அது குறிப்பிடுகிறது. மருந்து கிடைக்கச் செய்தல் அரசின் கடமை. இன்ன நோய்க்கு இன்ன மருந்து எனத் துணிதல் மருத்துவரின் கடமை. நோயுற்றவருக்கு நேர்ந்தது யாது என உள்ளவாறு எடுத்துரைத்தல் எவர் கடமை? இவ்வினாவை மையமாகக் கொண்டது இக்கட்டுரை.

இவ்வினா எல்லா நோய்க்கும் பொதுவாயினும் ஒரு நோய்க்கு உயிர்நிலையானது. மருத்துவர் 'பைபோலார்' என்றும், தமிழில் எழுதுவோர் இருமுனைப் பிறழ்வு என்றும் வழங்கும் மனநோய் அது. அந்நோய் உடையவரின் மனம் சில மாதங்கள் தாழ்ந்து கிடக்கும். சில வாரங்கள் வரம்பின்றி உயரும். இடையே பல்லாண்டுகள் இயல்பாகவும் இருக்கும். தாழ்ந்த காலத்தில் கண்டவர் சோர்வு என்பர். உயர்ந்த காலத்தில் கண்டவர் செருக்கு என்பர், பித்து என்பர், பேய் என்பர். இடைக்காலத்தில் கண்டவர் ஒன்றுமில்லை என்பர். மூவரும் கண்டது ஒருவரையே. மூவரும் கண்டதைச் சேர்த்துப் பார்த்தாலன்றி நோய் புலனாகாது.

இலக்கிய மலரில் இப்பொருள் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். நோய்க்குப் பெயர் இடுவது மொழியின் வேலை என்பது ஒரு விடை. கவிஞர்களைப் பற்றி நாம் போற்றி வளர்த்துவந்த சில நம்பிக்கைகள் இந்நோயை மறைக்கத் துணைபோகின்றன என்பது மற்றொன்று. இரண்டையும் வரலாற்று முறையில் காண முற்படுவோம்.

வெறியாட்டும் வெறிவிலக்கும்

தவறாக அறியப்பட்ட நோயைத் தமிழிலக்கியம் தன் தொடக்கத்திலேயே ஒரு துறையாக வகுத்திருக்கிறது. தலைவி மெலிகிறாள், பசக்கிறாள், உண்ணாள், உறங்காள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள், கட்டுவிச்சி குறி பார்த்து முருகு அணங்கிற்று என்கிறாள், வேலன் வருகிறான், மறி அறுபடுகிறது. இது வெறியாட்டு.

இவ்வகைப் பாடல்களின் நுட்பம் வேலன் ஆடுவதில் இல்லை. தோழி பேசுவதில் இருக்கிறது. குறுந்தொகை 362ஆம் பாடலில், இந்தப் பலியைத் தலைவனின் மார்பும் உண்ணுமோ என வேலனிடமே வினவுகிறாள். நற்றிணை 34ஆம் பாடலில், தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே, கடவுளாயினும் அறியாமை உடையவன் என இடித்துரைக்கிறாள். திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி முழுவதும் இவ்வெறிவிலக்குத் துறையிலேயே அமைந்தது. நோய் ஒன்று, நீங்கள் செய்யும் பரிகாரம் வேறொன்று என்பதே அங்கும் வாதம்.

தாய்க்கு அன்பு உண்டு. வேலனுக்குத் தொழில் தேர்ச்சி உண்டு. எனினும் இருவரும் பிழைபடுகின்றனர். அவர்கள் அறிந்தது தலைவியின் இன்றைய மெலிவை மட்டுமே. தோழி அறிந்தது அம்மெலிவுக்கு முன்னிருந்த கதையை. அவள் அறத்தொடு நிற்கும்போது அக்கதை வெளிப்படுகிறது; நோயும் அறியப்படுகிறது. அகப்பாடல்களின் நோய் காதல்நோயே. அதனை மனநோய் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் கதை அறிந்தவர் வாய்திறந்தாலன்றி நோய் அறியப்படாது என்னும் உண்மையை இத்துறை நமக்கு விட்டுச்சென்றிருக்கிறது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் இதனை மருத்துவ நெறியாகவே வகுக்கிறார். மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை என அவர் கூறும் மூன்றனுள், நோயாளியின் நிலையும் நோயின் தன்மையும் எவரும் எதிர்பார்ப்பவையே. மூன்றாவதாகக் காலத்தை நிறுத்தியதே அவர் நுண்ணறிவு. உரையாசிரியர்கள் இக்காலத்தைப் பருவம் எனவும் நோயின் முதிர்ச்சி எனவும் விரிப்பர். இருமுனைப் பிறழ்வைப் பொறுத்தவரை காலம் என்பது நோயின் வடிவமே ஆகும்.

பித்து என்னும் ஒற்றைச் சொல்

நம் மருத்துவ மரபு மனநோய் அனைத்தையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. ஆயுர்வேதம் உன்மாதத்தை வாதம், பித்தம், கபம், மூன்றும் கலந்தது, புறக்காரணத்தால் வந்தது எனப் பிரித்தது. சித்த மருத்துவம் கிரிகை என்னும் பெயரால் பதினெட்டு வகைகளைச் சொன்னது. சிரித்தல், அழுதல், ஓடுதல், வாளாவிருத்தல் என நடத்தையை உற்றுநோக்கி வகைப்படுத்திய முயற்சி அது.

ஆனால் ஏட்டில் இருந்த இப்பகுப்பு தெருவிற்கு வரவில்லை. பேச்சுவழக்கில் பைத்தியம் என்னும் ஒற்றைச் சொல்லே நின்றது. இலக்கியத்திலோ அச்சொல் வேறொரு பக்கம் உயர்ந்தது. சுந்தரர் இறைவனை முதன்முதலாக விளித்த சொல்லே பித்தன் என்பது. குலசேகராழ்வார் உலகத்தார் கண்ணுக்குத் தாம் பித்தர் என்பதைப் பெருமையாகவே ஏற்றார். ஆக ஒரே சொல் தெருவில் வசையாகவும் கோயிலில் வாழ்த்தாகவும் வழங்கிற்று. வசைக்கும் வாழ்த்துக்கும் இடையில் நோய் என்னும் பொருள் ஒதுங்க இடமின்றிப் போயிற்று.

கீழ்ப்பாக்கத்துப் பதிவேடுகள்

அசோக் நகரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது கீழ்ப்பாக்கம். அங்குள்ள மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி சென்னையில் ஒரு காப்பகத்தை நிறுவினார். 1871இல் அது லோக்காக் தோட்டம் எனப்பட்ட இன்றைய இடத்திற்கு 145 நோயாளிகளுடன் வந்தது. 1922இல் அரசு மனநல மருத்துவமனை எனவும், 1978இல் மனநலக் கழகம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் காப்பகங்களுக்கு வந்தவரின் நோயைச் சில தலைப்புகளுள் ஒன்றில் அடக்கினர்: மேனியா, மெலங்கோலியா, டிமென்ஷியா, பிறவி அறிவுக்குறை. வந்த அன்று ஆடிப்பாடி ஆர்ப்பரித்தால் மேனியா. முடங்கிக் கிடந்தால் மெலங்கோலியா. இவ்வாண்டு ஒரு தலைப்பில் வந்தவரே சில ஆண்டு கழித்து மற்றொரு தலைப்பில் வரக்கூடும் என்பதற்கு அம்முறையில் இடமில்லை.

காரணம் எழுதும் கட்டத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1893-94இல் ஆய்ந்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, மனநோய்க்குக் கஞ்சாவே காரணம் எனக் காப்பகங்கள் காட்டிய கணக்கைச் சரிபார்த்தது. காவலரும் நீதித்துறை அலுவலரும் நோயாளியை அனுப்பும்போது நிரப்பிய தாளில், தக்க விசாரணை இன்றியே கஞ்சா என எழுதப்பட்டிருந்ததும், அதுவே காப்பகப் பதிவேட்டில் ஏறியதும் வெளிப்பட்டன. ஊரும் உறவும் விசாரிக்கப்பட்டபோது அக்காரணம் பலரிடம் பொருந்தவில்லை. கதை கேட்கப்படாத இடத்தைக் கைக்கு வந்த சொல் நிரப்பியது.

இந்நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் 1959இல் இம்மருத்துவமனைக்கு வந்தார். அதன் முதல் பெண் கண்காணிப்பாளரானார். 1978இல் ஓய்வுபெற்ற பின், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். 1992இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2021 டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார். பூட்டிவைத்தலிலிருந்து மறுவாழ்வுக்கு நகர்ந்த ஒரு தலைமுறையின் அடையாளம் அவர்.

பெயர் பிரிந்த வரலாறு

மேனியாவும் மெலங்கோலியாவும் ஓராளிடமே தோன்றக்கூடும் என்பதை கப்படோசியாவின் அரேட்டியஸ் என்னும் பழங்கிரேக்க மருத்துவர் குறித்துவைத்தார். ஆயினும் இரண்டையும் ஒரே நோயாக நிறுவியவர்கள் பாரிஸ் மருத்துவர்கள் இருவர். 1850களின் தொடக்கத்தில் ஜான் பியர் ஃபால்ரே இதனைச் 'சுழலும் பித்து' என்றார். 1854இல் ஜூல் பாயார்ஜே 'இரட்டை வடிவப் பித்து' என்றார். முதலில் கண்டவர் யார் என இருவரும் வழக்காடிக்கொண்டதும் உண்டு.

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899இல் செய்ததே பெருந்திருப்பம். அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு வைத்து, ஆண்டுக்கணக்கில் நோயின் போக்கைக் குறித்து வந்தார். சிலரிடம் நோய் வந்து, தணிந்து, மீண்டும் வந்தது. இடையில் மனம் தெளிந்திருந்தது. சிலரிடம் நோய் நிலைத்து அறிவாற்றலைத் தேய்த்தது. முன்னதை மேனியா-மெலங்கோலியாப் பித்து என்று பிரித்தார். பின்னதே பிற்காலத்தில் மனச்சிதைவு எனப்பட்டது. அறிகுறிகள் அன்று ஒன்றாகத் தோன்றினும் போக்கு வேறு. ஆகவே நோயும் வேறு. மருத்துவ வரலாற்றில் காலம் நோயறிதலின் கருவியானது இங்கே எனலாம்.

1957இல் கார்ல் லியோன்ஹார்ட் ஒருமுனை நோயையும் இருமுனை நோயையும் பிரித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மூன்றாம் கையேடு இருமுனைப் பிறழ்வு என்னும் பெயரை நிலைநிறுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடு இதனை முதல் வகை, இரண்டாம் வகை எனப் பகுக்கிறது.

பெயர் பிரிந்த பின்னும் தவறு ஓயவில்லை. 1960களில் நியூயார்க் மருத்துவரும் லண்டன் மருத்துவரும் நோயறியும் முறையை ஒப்பிட்டு ஆய்ந்தனர். முடிவுகள் 1972இல் நூலாயின. ஒத்த நோயாளிகளையே நியூயார்க்கினர் மனச்சிதைவு எனவும், லண்டனார் பலரை மேனியா-மெலங்கோலியா நோயினர் எனவும் கொண்டமை தெரியவந்தது. நோய் வேறுபடவில்லை; பார்ப்போர் பயின்ற பள்ளி வேறுபட்டது.

அறிகுறிகள்

இனி, நோயின் இரு முகங்களையும் காண்போம்.

மேனியா எனப்படும் மிகையெழுச்சி, மகிழ்ச்சியின் மிகுதி மட்டுமன்று. சிலரிடம் அது முழுக்கச் சினமாகவே வரும். உறக்கம் இரண்டு, மூன்று மணியாகக் குறையும். ஆனால் களைப்பு இராது. தூக்கமின்மை நோயாளி உறங்க ஏங்குவார். இவருக்கு உறக்கமே வேண்டியிராது. இவ்வேறுபாடு நினைவில் கொள்ளத்தக்கது. பேச்சு இடைமறிக்க இயலாதவாறு ஓடும். எண்ணம் ஒன்றைவிட்டு ஒன்று தாவும். தம் ஆற்றலைப் பற்றிய மதிப்பு அளவிறந்து உயரும். கடன், கொடை, வாங்குதல், புதுத்தொழில் எனப் பணம் கரையும். பாலியல் ஒழுக்கத்திலும் இயல்புக்கு மாறான துணிவு தோன்றலாம். முற்றிய நிலையில் தாமே தெய்வம், தமக்கே உலகப்பணி என்னும் பிறழ்நம்பிக்கையும், இல்லாத குரல் கேட்டலும் நேரும். இந்நிலை ஒரு வாரமேனும் நீடித்தாலோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு கடுமையானாலோ அது மேனியா.

இதன் மென்மையான வடிவம் ஹைப்போமேனியா. நான்கு நாளேனும் நீடிக்கும் இந்நிலையில் வாழ்க்கை குலையாது. சில வேளை சிறப்பதாகவே தோன்றும். வேலை விரைந்து முடியும், பேச்சு இனிக்கும், நண்பர் வியப்பர். ஆகவே எவரும் இதனை மருத்துவரிடம் சொல்வதில்லை. இரண்டாம் வகை இருமுனைப் பிறழ்வு அறியப்படாமல் போவதற்கு இதுவே தலையாய காரணம்.

மறுமுனை மனச்சோர்வு. இரண்டு வாரத்திற்கு மேலாக ஆர்வமின்மை, துயரம், உறக்கமும் பசியும் மாறுதல், அசைவும் சிந்தனையும் மந்தமாதல், தகுதியின்மை உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியன சூழும். இரு முனைகளும் கலந்து வரும் நிலையும் உண்டு. மனம் இருண்டும் உடல் பரபரத்தும் உள்ள அந்நிலை மிகவும் இடர் நிறைந்தது.

ஊக்கமுடையவர் எல்லாரும் மேனியா உடையவர் அல்லர். கவலையுற்றவர் எல்லாரும் நோயாளர் அல்லர். ஒருவரைப் பிறரோடு ஒப்பிடாமல் அவருடைய வழக்கமான இயல்போடு ஒப்பிடுதலே அளவுகோல். அமைதியானவர் பத்து நாள் ஓயாது பேசுவதற்கும், இயல்பாகவே கலகலப்பானவர் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வியல்பை அறிந்தவர் அருகிலிருப்போரே, மருத்துவர் அல்லர்.

எங்கே தவறுகிறது

அமெரிக்காவில் இந்நோயினரிடம் 2000இல் நடத்தப்பெற்ற ஒரு கணக்கெடுப்பில், நூற்றுக்கு 69 பேர் முதலில் தவறான நோய்ப்பெயர் பெற்றிருந்தனர். அப்பெயர்களுள் மிகுதியானது மனச்சோர்வு. மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் சரியான பெயரறியப் பத்தாண்டும் அதற்கு மேலும் காத்திருந்தனர். காரணம் எளிது. துயரத்தில் மருத்துவரை நாடுகிறோம், எழுச்சியில் நாடுவதில்லை. மருத்துவர் முன் பாதிக் கதையே செல்கிறது.

இத்தவறு பெயரோடு நின்றுவிடுவதன்று. சோர்வுக்குரிய மருந்தை மட்டும் தனியே கொடுத்தால், இருமுனை நோயினர் சிலரிடம் அது மேனியாவைத் தூண்டக்கூடும். மேனியாவில் குரல் கேட்பவரை மனச்சிதைவு எனக் கொண்டால், அந்நோய்க்கான பெயரையும் மருந்தையும் அவர் ஆண்டுகள் பல சுமக்க நேரும். தைராய்டுக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, மது, கஞ்சா ஆகியனவும் இதன் சாயலைக் காட்டும். அவற்றை முதலில் விலக்க வேண்டும். இந்நோயை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ மூளைப் படமோ இன்றளவும் இல்லை. சொல்லப்படும் வரலாறே சோதனை.

நம் நாட்டில் தவறு வேறொரு வழியிலும் நுழைகிறது. இந்நோயின் கட்டங்கள் மருந்தின்றியும் சில மாதங்களில் தாமே தணியக்கூடியவை. அவ்வேளையில் கட்டிய தாயத்தோ, ஓட்டிய பேயோ, இருந்த நோன்போ நோயைத் தீர்த்ததாகத் தோன்றும். ஈராண்டு கழித்து நோய் மீளும்போது புதிய காரணம் தேடப்படும். கோயிலும் தர்காவும் கைவிடப்பட்டோர்க்கு நிழல் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிழல் தருவது வேறு, நோயறிவது வேறு. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி இறந்தனர்; மொத்தம் 28 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுள் எவருக்கு என்ன நோய் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பெண்கள் பற்றித் தனித்துக் கூற வேண்டும். மகப்பேற்றை அடுத்த வாரங்கள் இந்நோய் வெளிப்படவும் மீளவும் ஏதுவான காலம். உறங்காமல் பிதற்றும் இளந்தாயைப் பிரசவ சன்னி என்றோ காற்றுக்கருப்பு என்றோ ஒதுக்கிய வீடுகள் பல. மணமாகாத பெண்ணின் நோய் மறைக்கப்படும். திருமணம் செய்தால் தீரும் எனப்படும். புகுந்த வீட்டார்க்கு முன்கதை தெரியாது. தாய்வீட்டார் சொல்ல அஞ்சுவர். மருத்துவர் முன் அப்பெண் வரலாறற்றவளாக நிற்கிறாள். அவளுக்கு வாய்க்காமற்போனது அகப்பாட்டுத் தோழியின் ஒரு சொல்.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் அமைந்தது. வாழ்நாளில் இருமுனைப் பிறழ்வுக்கு ஆளாவோர் ஏறத்தாழ நூற்றுக்கு 0.5 பேர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் அளவில் உரிய சிகிச்சை பெறாதோர் என்றும் அது கண்டது.

மருந்தே இல்லாத நோயாயின் இத்தனை சொல்லவேண்டியதில்லை. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் எளிய உப்பு மேனியாவைத் தணிப்பதைக் கண்டார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954 முதல் அதனை முறையான ஆய்வால் நிறுவினார். தற்கொலை இடரையும் அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குருதியில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் காலந்தோறும் சோதித்துவர வேண்டும். சென்னைக் கோடையில் உடல்நீர் வற்றினால் அதன் அளவு ஏறும் என்பதையும் மறத்தலாகாது. வேறு மருந்துகளும் இன்று உண்டு. நோயை உரிய பெயரால் அறிந்தவர் படித்து, பணிபுரிந்து, இல்லறம் நடத்தி வாழ்கின்றனர்.

கவிஞரும் பித்தும்

இனி நம் இல்லத்திற்கு வருவோம். கவிஞன் என்றால் சற்றுப் பித்து வேண்டும் என்பது நம்மிடையே ஒரு பாராட்டு. விடிய விடிய எழுதுபவரை வியக்கிறோம். கையிருப்பையெல்லாம் இதழில் கொட்டுபவரைத் தியாகி என்கிறோம். மாதக்கணக்கில் வாராதவரைத் தனிமை விரும்பி என்கிறோம். இவை மெய்யாகவும் இருக்கலாம். மூன்றும் ஒருவரிடமே மாறிமாறி நிகழுமாயின் நம் பாராட்டு அவருக்குத் தீங்காகலாம்.

ஆத்மாநாம் என அறியப்பெற்ற மதுசூதன் 1951இல் பிறந்தவர், சென்னையில் வாழ்ந்தவர். 1978இல் 'ழ' இதழைத் தொடங்கினார். 'காகிதத்தில் ஒரு கோடு' என்னும் தொகுதி 1981இல் வெளிவந்தது. 1984 ஜூலை 6 அன்று பெங்களூரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. பிரம்மராஜன் தொகுத்த 'ஆத்மாநாம் கவிதைகள்' 1989இல் வந்த பின்னரே அவர் முழுமையாக வாசிக்கப்பட்டார்.

அவருக்கிருந்த நோயை 'அஃபெக்டிவ் டிஸார்டர்' எனக் குறிப்பிடும் வழக்கம் அவரைப் பற்றி எழுதியோரிடம் உண்டு. அக்காலத்தில் அது ஒரு பொதுப்பெயர். உணர்வுநிலை சார்ந்த நோய்கள் அனைத்தும், ஒருமுனைச் சோர்வும் இருமுனைப் பிறழ்வும் உட்பட, அதில் அடங்கும். அதனைத் தமிழில் மனச்சிதைவு எனப் பெயர்த்தால் ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் பெயரைச் சூட்டியதாகும். அவர் கவிதைகளிலிருந்து அவருக்கு இன்ன வகை எனத் துணிய முற்படுவதும் முறையன்று. கவிதை நோய்ச்சீட்டு அன்று. அவர் நோயால் எழுதினார் எனல், ஒருவரின் உழைப்பையும் மொழித்தேர்ச்சியையும் நோய்க்குத் தாரைவார்ப்பதாகும்.

நோயின் அனுபவத்தை மொழியாக்கிய பிறரும் நமக்கு உண்டு. எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்', தாம் கேட்ட குரல்களோடு ஒருவர் நடத்திய நெடும்போராட்டத்தை நாவலாக்கியது. 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கோபி கிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயினரைப் பேசவிட்டுக் கேட்ட நூல். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல் பலமுறை மேனியாவால் மருத்துவமனை சென்றவர். 1967இல் லித்தியம் உட்கொள்ளத் தொடங்கினார். அதன் பின்னும் எழுதினார், நூல்கள் வெளியிட்டார். மருந்து கவிதையைக் கொன்றுவிடும் என அஞ்சுவோர் நினைவுகூரத்தக்க செய்தி இது. அளவு மிகுந்தால் மருந்து மனத்தை மந்தமாக்கலாம். அப்போது மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றவேண்டுமேயன்றித் தாமே நிறுத்துதல் கூடாது.

சட்டமும் சான்றாளரும்

1858இலும் 1912இலும் வந்த சட்டங்கள் பித்தரை அடைத்துவைப்பதைப் பற்றிப் பேசின. 2017இல் இயற்றப்பெற்று 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயுற்றவரின் உரிமையைப் பேசுகிறது. அதன் மூன்றாம் பிரிவு, ஏற்கப்பட்ட மருத்துவ அளவைகளின்படியே மனநோய் முடிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. ஊரார் ஒழுக்கத்திற்கோ அரசியல் கருத்திற்கோ ஒத்துவாராமை மட்டும் அதற்குக் காரணமாகாது என்கிறது. கவிஞர்க்கு இதனினும் பெரிய காப்பு வேறில்லை. ஐந்தாம் பிரிவின்படி, தெளிந்த காலத்திலேயே ஒருவர், தமக்கு நோய் மீண்டால் எவ்வாறு சிகிச்சை தரவேண்டும் என எழுதிவைக்கலாம். நலமும் நோயும் மாறிமாறி வரும் இந்நோய்க்கென்றே வகுத்ததுபோன்ற ஏற்பாடு இது.

சட்டம் தரமுடியாத ஒன்றுண்டு, அது சான்று. மருத்துவர் கேட்கும் வினாக்கள் சிலவே. இதற்குமுன் உறக்கமே வேண்டாத நாட்கள் இருந்தனவா? அப்போது என்ன செய்தார்? எவ்வளவு நாள் நீடித்தது? தாழ்வு எப்போது வந்தது? குடும்பத்தில் வேறு எவர்க்கேனும் இவ்வாறு உண்டா? எம்மருந்திற்குப் பின் எம்மாற்றம்? இவற்றுக்கு ஆண்டும் மாதமும் இட்டு ஒருதாளில் எழுதிச் செல்லுதல், பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். நோயுற்றவர் இசைவோடு, அவரை நெடுநாள் அறிந்த ஒருவர் உடன்செல்லுதல் அதனினும் நன்று. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உரிமையே. உயிருக்கு இடர் எனத் தோன்றினால் காத்திருத்தல் ஆகாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாடவேண்டும். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 எந்நேரமும் இயங்குவது. 1986 முதல் சென்னையில் பணியாற்றிவரும் சிநேகா அமைப்பும் தற்கொலை எண்ணம் உடையோர் பேசச் செவிகொடுக்கிறது.

முடிவுரை

வெறிக்களத்திலும், கீழ்ப்பாக்கத்துப் பதிவேட்டிலும், நியூயார்க்கிலும் நிகழ்ந்த பிழை ஒன்றே. இன்று காண்பதைக் கொண்டு முழுமையையும் துணிந்த பிழை அது. தோழி அதனைக் கதையால் திருத்தினாள். கிரேப்பலின் சீட்டால் திருத்தினார். வள்ளுவர் காலம் என்னும் சொல்லை முன்னரே வைத்துச் சென்றார்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு கூடியிருப்பதன் பொருள் யாது? ஒருவர் எழுத்தை மற்றவர் பத்தாண்டாக அறிவார் என்பது மட்டுமன்று. ஒருவர் இயல்பை மற்றவர் பத்தாண்டாக அறிவார் என்பதுமாகும். எந்த மருத்துவருக்கும் கிட்டாத காலம் அது. நம்மிடையே ஒருவர் திடீரெனப் பேரொளி வீசினாலும், ஓசையின்றி மறைந்தாலும், கைதட்டுவதற்கும் கைவிடுவதற்கும் முன்னே ஒருமுறை அவர் வீட்டிற்குச் சென்று நலம் கேட்போமாக. கேட்டதை, அவர் விரும்பினால், சொல்லவேண்டிய இடத்தில் சொல்வோமாக. அறத்தொடு நிற்றல் என நம் முன்னோர் பெயரிட்ட செயல் அதுவே.